உள்நின்று எதிர்த்தல்: மொர்மன் திருச்சபை வரலாற்றில் பற்றும் மறுப்பும்

சமய நிறுவனம் ஒன்றினுள்ளே இருந்துகொண்டு அதனை எதிர்ப்போரை மதிப்பிடுமிடத்து, முற்போக்கு எழுத்தாளரிடையே இரண்டு நிலைப்பாடுகள் வழமையாகக் காணப்படுகின்றன. சமயம் முழுவதுமே ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலைக் கருவியாதலால், அதனுள் நின்று சீர்திருத்தம் கோருவோர் தம்மையறியாமலே அந்நிறுவனத்தின் ஆயுளை நீடிக்கின்றனர் என்பது ஒன்று. உள்நின்று குரல் கொடுப்போர் யாவரும் மனச்சாட்சியின் வீரர், ஆதலின் அவர் கோருவன யாவும் முற்போக்கானவை என்பது மற்றையது. இரண்டுமே வரலாற்றை நோக்குமுன் முடிவுக்கு வந்துவிடுவன. 1844இல் மார்க்ஸ் சமயம் பற்றி எழுதிய புகழ்பெற்ற பகுதியில், அதனை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான கண்டனமாகவும் ஒருங்கே கண்டார். அபினி என்ற சொல்லை மட்டும் மனங்கொண்டு, கண்டனம் என்ற மறுபாதியை விட்டுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இக்கட்டுரையில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய மொர்மன் திருச்சபையை எடுத்துக்கொள்கிறோம். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை என்பது அதன் முறையான பெயர். அச்சு யுகத்திலே பிறந்து, நாட்குறிப்பும் பதிவேடும் எழுதுவதைச் சமயக் கடமையாகவே கொண்ட சமூகமாதலால், அதன் உள்முரண்பாடுகளை ஆவணங்களினூடே பின்தொடர முடிகின்றது. யார் எதிர்த்தனர், எந்தச் சமூக அடித்தளத்தில் நின்று எதிர்த்தனர், எதிர்ப்பையும் எதிர்த்தவரையும் நிறுவனம் என்ன செய்தது என்பனவே நாம் இங்கு எழுப்பும் வினாக்கள்.

1

1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதோடு நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி விரிந்த சந்தைப் பொருளாதாரத்தினுள் விரைவாக ஈர்க்கப்பட்டது. சிறு விவசாயிகள் கடனிலும் நிச்சயமின்மையிலும் வாழ்ந்த இப்பகுதியிலேதான் மதமறுமலர்ச்சிக் கூட்டங்கள் அலையலையாக எழுந்தன. திருச்சபையின் தாபகரான யோசப் ஸ்மித்தின் குடும்பம் அதே 1825இன் இறுதியில் தனது பண்ணை நிலத்தை இழந்தது. 1830இல் அவர் மொர்மன் நூலை வெளியிட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 6ஆந் திகதி திருச்சபையை நிறுவினார்.

இத்திருச்சபையின் அமைப்பிலே தொடக்கத்திலிருந்தே ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. ஒருபுறம், சம்பளம் பெறும் குருமார் கிடையாது. ஆண்கள் யாவரும் குருத்துவம் பெறலாம். ஒவ்வொருவரும் இறைவனிடமிருந்து நேரே வெளிப்படுத்தல் பெற முடியும். சபையின் காரியங்கள் யாவும் பொது இசைவுடனே நடைபெறவேண்டும் என்பது அதன் வேதநூலிலேயே எழுதப்பட்டுள்ளது. மறுபுறம், சபை முழுவதற்குமான வெளிப்படுத்தலைப் பெறும் உரிமை தீர்க்கதரிசி ஒருவருக்கே உரியது. கைகளை உயர்த்தி இசைவு தெரிவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும் அது தெரிவு செய்யும் வாக்கன்று, தெரிவு செய்யப்பட்டுவிட்டவரை ஏற்கும் சடங்கே. சனநாயகமும் அதிகாரக் குவிப்பும் ஒரே உடலில் உறையும் இந்நிலையே பின்வந்த எதிர்ப்புகள் யாவற்றுக்கும் நியாயத்தையும் தண்டனையையும் ஒருங்கே வழங்கியது எனலாம்.

2

எதிர்ப்பு என்பதனாலேயே அது முற்போக்கானதாகிவிடாது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டு உதாரணங்களை நோக்கலாம்.

முதலாவது, இலினோய் மாநிலத்தின் நோவூ நகரில் நிகழ்ந்தது. திருச்சபையின் முதன்மைத் தலைமைக் குழுவில் ஸ்மித்தின் ஆலோசகராக இருந்த வில்லியம் லோவும் அவரது கூட்டாளிகளும், இரகசியமாக நடைபெற்றுவந்த பலதார மணத்தையும், சமய அதிகாரமும் அரசியல் அதிகாரமும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்ததையும் கண்டித்து, 1844 யூன் 7ஆந் திகதி 'நோவூ எக்ஸ்பொசிற்றர்' என்னும் பத்திரிகையை வெளியிட்டனர். அவர்கள் ஆதி வெளிப்படுத்தல்களை மறுக்கவில்லை. அவற்றிலிருந்து தலைமை விலகிவிட்டது என்றே வாதிட்டனர். அப்பத்திரிகை ஓர் இதழுடன் நின்றது. நகர முதல்வராகவும் இருந்த ஸ்மித்தின் தலைமையில் நகரசபை எடுத்த முடிவின்படி யூன் 10ஆந் திகதி அச்சியந்திரம் அழிக்கப்பட்டது. அதன் விளைவாக எழுந்த கொந்தளிப்பிலே கைதான ஸ்மித், யூன் 27ஆந் திகதி கார்த்தேஜ் சிறையில் கும்பலொன்றாற் கொல்லப்பட்டார்.

இரண்டாவது உதாரணம் நமக்குக் கூடுதலான பயன் தருவது. 1847இல் பிரிகம் யங்கின் தலைமையில் யூட்டாவின் வரண்ட பள்ளத்தாக்குகளிற் குடியேறிய மொர்மன்கள், நீர்ப்பாசனத்தையும் நிலப்பகிர்வையும் கூட்டு முறையில் ஒழுங்கமைத்தனர். 1869 மே மாதத்தில் கண்டத்தைக் குறுக்கறுக்கும் புகையிரதப் பாதை யூட்டாவிலேயே இணைக்கப்பட்டபோது, வெளி மூலதனத்தின் வருகையை எதிர்கொள்ள யங் முயன்றார். 1868இல் தொடங்கிய கூட்டுறவு வாணிப நிறுவனமும், வெளியார் கடைகளைப் பகிஷ்கரிக்கும் கொள்கையும், சுரங்கத் தொழிலை ஊக்குவியாமையும் இம்முயற்சியின் கூறுகள். இதற்கெதிராக எழுந்தவர்களே வில்லியம் கோட்பி என்னும் செல்வந்த வணிகரும் ஹரிசன் என்னும் எழுத்தாளரும் அடங்கிய குழுவினர். பிரித்தானியாவிலிருந்து வந்து மதம் மாறியோரான இவர்கள், 'யூட்டா மகசீன்' என்னும் ஏட்டில், பிரதேசத்தின் உண்மையான வளர்ச்சி சுரங்கத்திலேயே தங்கியுள்ளது என எழுதினர். 1869 ஒக்டோபரிற் சபைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் தொடங்கிய பத்திரிகையே பின்னர் 'சோல்ற் லேக் ரிபியூன்' ஆயிற்று.

கருத்துச் சுதந்திரத்தையும் மனச்சாட்சியின் உரிமையையும் கோட்பி குழுவினர் உயர்த்திப் பிடித்தமை மறுக்கவியலாதது. ஆனால் அச்சுதந்திரம், வணிக மூலதனத்தின் சுதந்திரத்தோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்திருந்தது. யங்கின் தரப்பிலோ, 1875இல் ஓடர்வில் என்னுங் குடியேற்றத்தில் தனியுடைமையைப் பெரிதும் நீக்கி ஒரே சமையற்கூடத்தில் உண்டு வாழும் பரிசோதனைவரை சென்ற கூட்டுவாழ்வு இலட்சியம், தீர்க்கதரிசியின் கேள்விக்கிடமற்ற அதிகாரத்தின்கீழே இயங்கியது. இரு தரப்பில் ஒன்றை முற்போக்கென்றும் மற்றையதைப் பிற்போக்கென்றும் சீட்டொட்டிவிட முடியாது. முதலாளித்துவம் தனது சுதந்திரத்தையும் சுரண்டலையும் ஒருங்கே கொண்டு ஒரு சமுதாயத்தினுள் நுழையும் தருணத்தின் முரண்பாடே இது.

இறுதியில் வென்றது சந்தையும் சமஷ்டி அரசுமேயாம். 1887ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் திருச்சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்த 1890இலேயே, பலதார மணத்தைக் கைவிடும் அறிவித்தலைத் தலைவர் வில்போர்ட் வூட்றவ் வெளியிட்டார். அது இறைவனின் வழிகாட்டலாகவே விசுவாசிகளுக்கு எடுத்துரைக்கப்பட்டது. பொருளியல் நிர்ப்பந்தம் வெளிப்படுத்தலின் வடிவிற் பேசும் இப்பண்பினை நாம் மீண்டுஞ் சந்திப்போம்.

3

20ஆம் நூற்றாண்டில் உள்நின்ற எதிர்ப்பின் முதன்மையான கருவி வரலாற்றாராய்ச்சியாக அமைந்தது. தனது உண்மையை வரலாற்று நிகழ்வுகளிலே தங்கவைத்துள்ள சமயத்திற்கு ஆவணத்தைவிடப் பேராபத்து வேறில்லை.

1857 செப்ரெம்பர் 11ஆந் திகதி தென் யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில், ஆர்க்கன்சோவிலிருந்து கலிபோர்ணியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஏறத்தாழ 120 பயணிகள் மொர்மன் உள்ளூர்ப் படையினராற் கொல்லப்பட்டனர். சிறுபிள்ளைகள் 17 பேர் மட்டுமே உயிர் தப்பினர். இரு தசாப்தங்களின் பின், 1877இல் ஜோன் டி. லீ என்ற ஒருவருக்கு மாத்திரம் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் மௌனமே நிலவியது. அம்மௌனத்தைக் கலைத்தவர் தென் யூட்டாவின் சென் ஜோர்ஜ் நகரில் ஆசிரியையாக வாழ்ந்த யுவானிற்றா புறூக்ஸ். திருச்சபையிடமிருந்த சில சத்தியக்கடதாசிகளைப் பார்வையிட அனுமதி மறுக்கப்பட்டபோதும், 1950இல் அவரது நூல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. யோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை 1945இல் வெளியிட்ட போன் புறோடி அடுத்த ஆண்டிலேயே சபைநீக்கம் செய்யப்பட்டவர். புறோடி நம்பிக்கையிலிருந்து ஏற்கெனவே வெளியேறியவர். புறூக்ஸ் வெளியேற மறுத்தவர். 1961இல் லீ இறப்பின் பின்னர் சபையில் மீளச் சேர்க்கப்பட்டார். அச்செய்தியை வெளியிட வேண்டாமெனத் தலைமை விரும்பியபோதும், புறூக்ஸ் தாம் எழுதிய லீயின் வரலாற்றில் அதனை வெளியிட்டார். அவர் நீக்கப்படவில்லை, உள்ளூர்ச் சமூகத்தின் புறக்கணிப்பு அவருக்குப் போதிய தண்டனையாயிற்று. 2007இல், படுகொலையின் 150ஆவது ஆண்டு நினைவின்போது, அப்போஸ்தலர் ஒருவர் அவ்விடத்தில் நின்று திருச்சபையின் வருத்தத்தைத் தெரிவித்தார். புறூக்ஸ் 1989இலேயே காலமாகிவிட்டார்.

4

உள்நின்ற எதிர்ப்பின் ஆற்றலையும் எல்லைகளையும் மிகத் தெளிவாகக் காட்டுவது இனப் பிரச்சினையாகும். 1836இல் எலைஜா ஏபல் என்னும் கறுப்பினத்தவர் குருத்துவம் பெற்றிருந்தார். ஆனால் யூட்டாப் பிரதேசச் சட்டசபை அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கிய 1852இலேயே, ஆளுநராகவும் சபைத் தலைவராகவும் இருந்த பிரிகம் யங், ஆபிரிக்க வம்சாவளியினர்க்குக் குருத்துவமில்லை எனப் பகிரங்கமாக அறிவித்தார். காலப்போக்கில் இத்தடை, கறுப்பின ஆண்களையும் பெண்களையும் ஆலயச் சடங்குகளிலிருந்தும் விலக்கியது. அதனை நியாயப்படுத்த, காயீனின் சாபம் பற்றியும் பிறப்பிற்கு முந்திய வாழ்வில் அவர்கள் காட்டிய உறுதியின்மை பற்றியும் விளக்கங்கள் புனையப்பட்டன. சொத்துறவு மறைந்தபின்னும் அது ஈன்ற கருத்துநிலை தனித்து நின்று வாழ்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1947இல் கியூபாவில் மதப்பரப்பல் செய்யலாமா என ஆராய்ந்த சபை அதிகாரியொருவர், அத்தீவின் கிராமிய வாழ்க்கையை ஆராய்ந்தவரான மொர்மன் சமூகவியலாளர் லௌரி நெல்சனிடம், அங்கு கலப்பற்ற வெள்ளையர் வாழும் பகுதிகள் உளவா என விசாரித்தார். அதிர்ச்சியுற்ற நெல்சன் முதன்மைத் தலைமைக்கே எழுதினார். தடை ஸ்மித்தின் காலந்தொட்டு வரும் கோட்பாடு என்பதே அவருக்குக் கிடைத்த பதில். 1952இல் 'த நேஷன்' இதழில் இவ்விடயத்தை அவர் பகிரங்கப்படுத்தினார். யூட்டாப் பல்கலைக்கழக மெய்யியலாளரான ஸ்ரேர்லிங் மக்மறினும் இக்கோட்பாட்டைத் தாம் ஏற்கவில்லை என வெளிப்படையாகவே கூறிவந்தார். 1954இல் அவரைச் சபைநீக்கஞ் செய்யும் முயற்சி எழுந்தபோது, தலைவர் டேவிட் மக்கே அவரைச் சந்தித்து, விசாரணை நடந்தால் அவர் சார்பில் தாமே முதற் சாட்சியாக வருவதாகக் கூறினார். 1963 ஒக்டோபர் பொது மகாநாட்டில் தலைமைக் குழுவைச் சேர்ந்த ஹியூ பிறவுண் வாசித்த சிவில் உரிமை ஆதரவு அறிக்கையின் வரைவு மக்மறினுடையதே.

1966இல் ஸ்ரான்போர்டில் இயூஜின் இங்லண்டும் நண்பர்களும் தொடங்கிய 'டயலொக்' என்னும் சஞ்சிகை, தனிமனிதர் கடிதங்களாக இருந்த எதிர்ப்புக்கு நிறுவன வடிவம் தந்தது. அது சபையின் பணத்திலும் இயங்கவில்லை, சபையின் எதிரியாகவும் தன்னை அறிவிக்கவில்லை. 1967இல் அமெரிக்க உள்துறைச் செயலாளர் ஸ்ருவர்ட் யூடால் தடையை மீளாய்வு செய்யுமாறு அதிலேயே எழுதினார். 1973இல் லெஸ்ரர் புஷ் என்னும் மருத்துவர் அதில் வெளியிட்ட நீண்ட ஆய்வு, தடையை ஸ்மித்துடன் தொடர்புபடுத்தச் சமகாலச் சான்று எதுவும் இல்லை என நிறுவியது. நெல்சனுக்குத் தலைமை அளித்த பதிலின் அடித்தளம் இதனோடு தகர்ந்தது. இதே காலத்தில், 1971இல், ரவின் பிறிட்ஜ்போர்த், டேரியஸ் கிறே, இயூஜின் ஓர் ஆகிய மூன்று கறுப்பின உறுப்பினர்களின் தலைமையில் 'ஜெனசிஸ் குழு' சோல்ற் லேக் நகரில் அமைந்தது. தமக்குக் குருத்துவம் மறுத்த சபையினுள்ளேயே தமக்கென ஓர் இடத்தை அவர்கள் உண்டாக்கினர்.

எனினும், ஆய்வுக்கட்டுரை ஒன்று தடையை நீக்கிவிட்டதென்று கொள்வது கருத்துமுதல்வாதமாகும். சிவில் உரிமை இயக்கம் நாட்டின் முகத்தையே மாற்றியிருந்தது. 1969இல் வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பின விளையாட்டு வீரர்கள், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான போட்டியிற் கறுப்புப்பட்டி அணிய விரும்பியமைக்காக அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அதே ஆண்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் அப்பல்கலைக்கழகத்துடன் விளையாட்டுறவை முறித்தது. யாவற்றுக்கும் மேலாக, 1975இல் பிறேசிலின் சாவோ பவுலோவில் ஆலயம் கட்டப்படுமென அறிவிக்கப்பட்டது. பல நூற்றாண்டு இனக்கலப்புடைய அந்நாட்டில் எவருக்கு ஆலயக் கதவைத் திறப்பது என்ற வினா விடையற்றதாயிற்று. உலகளாவிய விரிவு என்னும் நிறுவனத் தேவையும் இனத்தடையும் நேருக்குநேர் மோதின. 1978 யூன் மாதத்தில் தலைவர் ஸ்பென்சர் கிம்போல் தடைநீக்கத்தை வெளிப்படுத்தலாக அறிவித்தார்.

அவ்வறிவித்தலின் வாசகம் கூர்ந்து நோக்கத்தக்கது. குருத்துவம் மறுக்கப்பட்ட நிலையிலும் பற்றுறுதியோடிருந்தவர்களின் விசுவாசத்தை அது நினைவுகூர்கின்றது. கேள்வி கேட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காத்திருந்தோர்க்கு வரலாற்றில் இடமுண்டு, வற்புறுத்தியோர்க்கு இல்லை. தடை பிரிகம் யங் காலத்தது என்பதையும், அதற்குக் கூறப்பட்ட இனவாத விளக்கங்கள் ஏற்கத்தக்கன அல்ல என்பதையும் திருச்சபை தனது கட்டுரையொன்றில் ஒப்புக்கொண்டது 2013இலேயாம். அதிலும் மன்னிப்புக் கோரப்படவில்லை.

5

பெண்களின் போராட்டம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. யூட்டாப் பெண்கள் 1870இலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். 1872இல் தொடங்கிய 'வுமன்ஸ் எக்ஸ்பொனன்ற்' என்னும் பத்திரிகை வாக்குரிமையையும் பலதார மணத்தையும் ஒரே மூச்சில் ஆதரித்தது. 1887இல் சமஷ்டி அரசு பறித்த வாக்குரிமை 1896இல் யூட்டா மாநிலமானபோது மீண்டது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் நிருவாகத்தை ஒருமுகப்படுத்தும் போக்கு வலுத்தபோது, பெண்களின் துணைநலச் சங்கம் தனது நிதிச் சுயாதீனத்தையும் தனது சஞ்சிகையையும் 1970இல் இழந்தது. மாதர் விடுதலை இயக்கம் அமெரிக்காவிற் கொழுந்துவிட்ட வேளையிலே மொர்மன் பெண்களின் கையிலிருந்த சொந்த நிறுவனம் ஆண்களின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. 1974இல் பொஸ்ரன் பகுதியில் குளோடியா புஷ்மன், லோறல் தச்சர் அல்றிச் முதலியோர் தொடங்கிய 'எக்ஸ்பொனன்ற் இரண்டு' பழைய பத்திரிகையின் பெயரையே சூடிக்கொண்டது. முன்னோரின் உரிமையை மீட்கிறோம் என்பதே அவர்களது நிலைப்பாடு. பற்றையே எதிர்ப்பின் ஆயுதமாக்கும் உபாயம் இது.

சம உரிமை அரசியலமைப்புத் திருத்தத்தைச் சபை எதிர்த்தபோது, அதனை ஆதரித்து மொர்மன்களை அணிதிரட்டிய சோனியா ஜோன்சன் 1979 டிசெம்பரிற் சபைநீக்கம் செய்யப்பட்டார். 1982இல் சபையின் வரலாற்றாளர் பதவியிலிருந்து லெனார்ட் அறிங்ரன் விடுவிக்கப்பட்டதோடு காப்பகக் கதவுகளும் ஒடுங்கலாயின. 1993 மே மாதத்தில் அப்போஸ்தலர் பொய்ட் பக்கர், தன்பாலீர்ப்பினர் இயக்கம், பெண்நிலைவாத இயக்கம், அறிஞர் எனப்படுவோர் ஆகிய மூன்றையும் சபையை எதிர்நோக்கும் ஆபத்துகளாகச் சுட்டினார். அவ்வாண்டு செப்ரெம்பரில் ஆறு எழுத்தாளர் தண்டிக்கப்பட்டனர். அவருள் ஐவர் சபைநீக்கம் செய்யப்பட்டனர். வரலாற்றாசிரியர் மைக்கல் குயினும், தலைமைக்கும் அறிஞர்க்குமிடையிலான மோதல்களைக் காலவரிசையில் தொகுத்து 'டயலொக்'கில் வெளியிட்ட லவீனா பீல்டிங் அண்டர்சனும் அவருள் அடங்குவர். நீக்கப்பட்ட பின்னும் அண்டர்சன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமது சபைக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்றார். 2019இல் உள்ளூர்த் தலைமை அவரை மீளச் சேர்க்க இசைந்தபோதும் முதன்மைத் தலைமை மறுத்துவிட்டது. 2023இல் அவர் காலமானார்.

தண்டனை நின்றுவிடவில்லை. பெண்களுக்குக் குருத்துவம் கோரிய கேற் கெலி 2014இலும், சிறுவரிடம் ஆயர்கள் தனிமையில் பாலியல் தொடர்பான வினாக்களைக் கேட்பதை எதிர்த்த சாம் யங் 2018இலும் நீக்கப்பட்டனர். சாம் யங் நீக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, சிறுவர் விரும்பினால் வேறொரு பெரியவரை உடனழைத்துச் செல்லலாம் என விதி மாற்றப்பட்டிருந்தது. 2015இல், ஒருபாற் தம்பதியரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மறுக்கும் விதி கொண்டுவரப்பட்டு, அது வெளிப்படுத்தல் என அப்போஸ்தலர் ரசல் நெல்சன் 2016இல் விளக்கினார். அவரே தலைவராக இருந்த 2019இல் அவ்விதி நீக்கப்பட்டபோது அதுவும் வெளிப்படுத்தலாகவே அறிவிக்கப்பட்டது.

6

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, உள்நின்ற எதிர்ப்பு தனித்து நின்று வென்றதில்லை. வெளி நிர்ப்பந்தமும் தனித்து மாற்றத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கவில்லை. சிவில் உரிமை இயக்கமும் பிறேசிலும் தடையைத் தாங்கவொண்ணாததாக்கின. ஆனால் தடையைக் கைவிடுவது சபையின் தாபகரைக் கைவிடுவதாகாது என்று காட்டியவர் புஷ். அந்தப் பணியை உள்ளே நின்ற ஒருவரே செய்திருக்க முடியும்.

இரண்டாவது, எதிர்ப்பாளரின் வர்க்க அடித்தளம் அவரது கோரிக்கையின் எல்லையையும் வரைகின்றது. கோட்பி குழுவினர் வணிகர். 'டயலொக்' தலைமுறையினர் பல்கலைக்கழகம் சார்ந்த மத்தியதர வர்க்கத்தினர். பேச்சு, வரலாறு, சமத்துவம் ஆகியன பற்றி அவர் உரத்துப் பேசினர். தசமபாகம் செலுத்தும் சாதாரண உறுப்பினர்க்கு அப்பணத்தின்மீது உரிமையேதும் இல்லாமை பற்றிய விவாதம் ஒப்பீட்டளவில் குறைவே. செலவு விபரங்களை வெளியிடுவதை 1959உடன் நிறுத்திக்கொண்ட சபை, தனது முதலீடுகளை மறைத்தமைக்காக 2023இல் தனது முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து மொத்தம் 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. கூட்டுடைமையைக் கனவுகண்ட ஓடர்விலிலிருந்து இந்நிலைக்கு வந்த பாதையே உள்நின்ற எதிர்ப்பு இன்னும் முழுமையாக எழுதாத வரலாறு.

மூன்றாவது, நிறுவனம் மாற்றத்தை ஏற்கும்போது மாற்றியவரை மறக்கின்றது. இம்மறதி தற்செயலானதன்று. மாற்றம் மேலிருந்து வந்ததாகத் தோன்றினால் மட்டுமே அதிகாரம் பிளவுபடாமல் நிலைக்கும். ஆதலால் கீழிருந்து வந்த வற்புறுத்தலின் தடயம் அழிக்கப்படுகின்றது. இது சமய நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய நோயுமன்று. நேற்றுத் திரிபுவாதி என வெளியேற்றப்பட்டவரின் கருத்து, அவரது பெயர் நீங்கி, மத்திய குழுவின் தீர்மானமாக மறுநாள் வருவதை இடதுசாரி இயக்கங்களின் வரலாறும் அறியும். வெளிப்படுத்தல் என்ற சொல்லைக் கண்டு நகைக்கும் நாம், சரியான பாதை என்ற சொல்லும் சில வேளைகளில் அதே பணியைச் செய்துள்ளதை மறத்தலாகாது.

மக்களே வரலாற்றை ஆக்குகின்றனர் என்று கொள்ளும் ஆய்வாளர், தமக்கு ஒவ்வாத நம்பிக்கையுடைய மக்களுக்கும் அக்கோட்பாட்டைப் பிரயோகிக்கக் கடமைப்பட்டவர். நெல்சனின் கடிதமும், ஜெனசிஸ் குழுவினரின் பொறுமையும், புறூக்ஸின் நூலும், அண்டர்சனின் காலவரிசையும் அறிவித்தல்களில் இடம்பெறா. அவற்றை உரிய இடத்திலே வைத்து எழுதுதல் வரலாற்றின் வேலை.